தேர் நிற்க வேண்டிய வாசல்

நிலநடுக்கத்தில் நொறுங்கிய குரோசே என்ற கடலோர ஊருக்குச் சமைத்துப் போடக் கிளம்பிய எங்கள் பேருந்து கோபேயை விட்டுப் புறப்பட்டதிலிருந்து தொகுனாகா எங்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். எங்கள் கடைத்தெருச் சங்கத்தின் தலைவர் அவர். குடைக்கடைக்காரர். வானத்தைப் பார்த்துப் பார்த்தே பிழைப்பு நடத்தியவர் என்பதால் எதற்கும் ஓர் எச்சரிக்கை கைவசம் வைத்திருப்பார்.

"யாரும் சத்தமாச் சிரிக்கக் கூடாது. பளிச்சுனு துணி போட்டிருந்தா மேல கறுப்புச் சட்டையைப் போட்டுக்கங்க. 'தைரியமா இருங்க'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஏற்கெனவே தைரியமா இருக்கிறவங்களுக்கு எரிச்சல்தான் வரும். முக்கியமா, திருவிழாவைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. இன்னைக்குத்தான் குரோசேயில தேர்த் திருவிழா நடக்க வேண்டிய நாள். இந்த வருஷம் வேண்டாம்னு விட்டுட்டாங்க. புரியுதா, ஹிசாயே?"

பேருந்து நிறைய ஆள் இருக்க, என் பெயரை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? எனக்குச் சுருக்கென்று வந்தது.

"என் வாயில பிளாஸ்திரி ஒட்டிடுங்களேன், தலைவரே."

"அதையும் ஒட்டிப் பார்த்தாச்சு. உள்ளேர்ந்து கிழிச்சிட்டு வருது," என்றான் செருப்புக்கடை கன்ஜி.

பேருந்தே சிரித்தது. "இதான்! இதைத்தான் அங்க வந்து பண்ணாதீங்கங்கிறேன்!" என்று தொகுனாகா கத்தினார்.

நான் நகாதா கடைத்தெருவில் சோபமேஷி போடுகிறவள். சோற்றையும் நூடுல்ஸையும் இரும்புக் கல்லில் கொட்டி, இரண்டு கையிலும் திருப்பியைப் பிடித்துக்கொண்டு கொத்தித் தள்ளுவேன். சத்தம் போடாமல் செய்கிற வேலையே இல்லை அது. வேலை அப்படி என்பதால் வாயும் அப்படி ஆகிவிட்டது.

முப்பது வருஷத்துக்கு முன்னால் நிலநடுக்கத்தில் கோபே குலுங்கிய அந்த ஜனவரி விடியலில் எனக்கு இருபத்து மூன்று வயது. வீடுகள் விழுந்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. விழுந்த வீடுகள் எரிந்தன. தீயணைப்பு வண்டி வந்து நின்றது, குழாயில் தண்ணீர் வரவில்லை. பக்கத்து வீட்டு யோஷினோ அக்கா உள்ளேயிருந்து எங்களைக் கூப்பிட்டதைக் கேட்டோம். இதற்கு மேல் அதைப் பற்றி நான் பேசுவதில்லை.

பிறகு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்துக் கிடந்தோம். எங்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் நல்லவர்கள். போர்வை தந்தார்கள், சூப் ஊற்றினார்கள், குனிந்து குனிந்து வணங்கினார்கள். ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்தால் நானும் செத்துவிட்டேனோ என்றுதான் தோன்றும். ஒருநாள் ஒசாகாவிலிருந்து நூடுல்ஸ் வண்டியோடு வந்த ஒரு தடியன், "என்ன அக்கா, தலையில காக்கா கூடு கட்டியிருக்கா?" என்று கேட்டான். அன்றுதான் முதல் முறை சிரித்தேன். சிரித்த கையோடு அழுதேன். அப்புறம்தான் பசித்தது. அதனால் தொகுனாகாவின் மௌன விரதத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் தலைவர் பேச்சைத் தட்டக் கூடாதே என்று கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

குரோசேயில் இறங்கினால் துறைமுகத்தில் தண்ணீரையே காணோம். புத்தாண்டு நாளில் வந்த நிலநடுக்கம் கடலின் அடித்தரையையே மேலே தூக்கிவிட்டிருந்தது. படகுகள் காய்ந்த பாறைமேல் சாய்ந்து கிடந்தன. நோத்தோ கரையில் இப்படி எத்தனையோ ஊர். ஏழு மாதம் ஆகியும் பாதித் தெருவில் ஓடுகள் குவியலாகவே கிடந்தன. ஜனங்கள் பள்ளி மைதானத்துத் தற்காலிக வீடுகளில் இருந்தார்கள்.

ஊர்த்தலைவர் கமிதானி எதிரே வந்து குனிந்தார். தொகுனாகா அதைவிடக் கீழே குனிந்தார். கமிதானி இன்னும் கீழே போனார். இரண்டு பேரும் தரையைப் பார்த்தபடியே பேசிக்கொண்டார்கள்.

"எங்களால உங்களுக்கு எவ்வளவு சிரமம்."

"சிரமமா? நாங்க வந்து நிக்கிறதே உங்களுக்குத் தொந்தரவு."

விட்டால் அங்கேயே முட்டி போட்டுப் படுத்துவிடுவார்கள் என்று நினைத்து நான் எரிவாயு உருளையைத் தடாலென்று இறக்கினேன். இருவரும் நிமிர்ந்தார்கள்.

கடலோரத்துச் சமுதாயக் கூடத்தின் முன்னால் கல்லை வைத்தோம். முட்டைகோஸ் நறுக்க உதவிக்கு ஒருத்தி வந்தாள். நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். இட்சுகோ என்றார்கள். அவள் வந்ததும் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டதை நான் கவனித்தேன். அந்தத் தாழ்ந்த குரலை எனக்குத் தெரியும். என்னைச் சுற்றியும் ஒரு காலத்தில் அது இருந்தது.

கொஞ்ச நேரம் மடமடவென்று நறுக்கினாள். அப்புறம் கத்தியை நிறுத்தாமலே கேட்டாள்.

"அக்கா, நீங்க கோபேயில தீப்பிடிச்ச பக்கமா?"

"தீப்பிடிச்ச தெருவேதான்."

"அப்ப உங்ககிட்டச் சொல்லலாம். யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிடும்."

சொன்னாள். அவள் கணவர் யசுஹாரு புத்தாண்டு அன்று பின்கட்டில் மீன் சூப்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். இவள் எதிர்வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லப் போயிருந்தாள். மாடி அப்படியே இறங்கிவிட்டது. வீட்டில் மிச்சம் இருப்பது முன்பக்கமும் வாசலும்தான். அதையும் வெள்ளிக்கிழமை அரசாங்கத்து ஆட்கள் வந்து இடித்து அள்ளிவிடுவார்கள்.

"இன்னைக்குத் தேர் நாள் அக்கா. எங்க விளக்குத் தேரைத் தோள்லயே தூக்கிட்டு வருவாங்க. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு போகும். நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷத்துலேர்ந்து ஒரு தடவைகூட நிக்காமப் போனதில்லை. எனக்கு வாசல்னு ஒண்ணு இருக்கப்போற கடைசித் தேர் நாள் இது. இன்னைக்கு வரலைன்னா இனி எங்க வந்து நிக்கும்?"

"அப்புறம் ஏன் நிறுத்தினாங்க?"

"எனக்காகத்தான்." அவள் சிரிக்க முயன்று தோற்றாள். "'இட்சுகோ துக்கத்துல இருக்கும்போது நாம எப்படி மேளம் அடிக்கிறது'ன்னு ஊர்க் கூட்டத்துல முடிவு பண்ணிட்டாங்க. நான் அப்ப எல்லாருக்கும் டீ ஊத்திட்டிருந்தேன். என்னை யாரும் கேக்கல."

"நீ சொல்ல வேண்டியதுதானேடி!"

"எப்படிச் சொல்றது? எனக்காக ஆசையை விட்டவங்ககிட்டயே போய், எனக்குத் தேர் வேணும்னா? என்ன பொம்பளைன்னு நினைப்பாங்க. நீங்களும் சொல்லிடாதீங்க. சத்தியமா?"

நானும் சத்தியம் செய்து தொலைத்தேன். என் வாயை நம்பி ரகசியம் சொன்ன முதல் மனிதப் பிறவி அவள்தான். அதனாலேயே அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. கல்லில் சோறு கொத்துகிறேன், வயிற்றுக்குள் அந்த ரகசியம் கொதிக்கிறது. தேர் இருக்கிறது, தேர் நாள் இன்று, வாசலும் இன்னும் நிற்கிறது. நடுவில் ஆளாளுக்கு வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள்.

பொறுக்க முடியாமல் கமிதானியிடம் போனேன். ரகசியத்தைச் சொல்லாமல் சுற்றி வளைத்துப் பார்க்கலாம் என்று ஒரு நப்பாசை.

"அண்ணே, அந்தத் தேர் எங்க இருக்கு? சும்மா பார்க்கலாமா?"

"மேட்டுக் கோயில் கொட்டகையில இருக்கும்மா. நடுக்கத்துல அதுக்கு ஒரு கீறல்கூட விழலை." அவர் முகம் ஒரு கணம் மலர்ந்து மறுபடி மூடிக்கொண்டது. "இந்த வருஷம் வேண்டாம். ஊர்ல துக்கம் இருக்கு. தோள் குடுக்கவும் ஆளில்லை. பாதிப் பேரு கனசாவாவுல பிள்ளைங்க வீட்டுக்குப் போயிட்டாங்க."

"தோள்தானே? நாங்க…"

"ஹிசாயே!" என்றார் தொகுனாகா பின்னாலிருந்து. "கல்லு காயுது பாரு."

கல்லுக்குத் திரும்பினேன். கோபத்தில் நான் கொத்திய கொத்தில் நூடுல்ஸ் மாவாகிப் போயிருக்கும். ஊர் இவளுக்காக விட்டுக்கொடுக்கிறது, இவள் ஊருக்காக விட்டுக்கொடுக்கிறாள். அவர்கள் மனம் நோகுமே என்று நாங்கள் கேட்க மாட்டோம், எங்களுக்குச் சிரமமாகுமே என்று அவர்களும் கேட்க மாட்டார்கள். இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டிவிடுகிற ஜனங்கள் உலகத்தில் எங்களை விட்டால் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

ஊர்க்காரர்கள் வரிசையில் வந்து தட்டை வாங்கினார்கள், வணங்கினார்கள், சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். எங்கள் ஆட்களும் பூனை நடை நடந்தார்கள். சாவு வீட்டுச் சாப்பாடுகூட இதைவிடக் கலகலப்பாக இருக்கும்.

அப்போதுதான் எல்லாருடைய கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறியது.

"நிலநடுக்கம்! நிலநடுக்கம்!"

அந்தக் குரலைக் கேட்டு முடிப்பதற்குள் தரை தூக்கிப் போட்டது. மேசையெல்லாம் நடனமாடியது. தட்டுகள் சரிந்தன. கோபேக்காரர்கள் அத்தனை பேரும், யாரும் யாருக்கும் சொல்லாமலே, அடுப்பைப் பார்த்துப் பாய்ந்தோம். நான் ஒரு கையால் இந்தக் குமிழைத் திருகுகிறேன், இன்னொரு கையால் அந்தக் குமிழைத் திருகுகிறேன். கன்ஜி உருளையின் மேலேயே விழுந்து குழாயைப் பிடுங்குகிறான். "கேஸு! கேஸை மூடு!" என்று ஒருவர் மேல் ஒருவர் கத்துகிறோம். முப்பது வருஷமாக எங்கள் கைகளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

குரோசேக்காரர்களோ அத்தனை பேரும் எதிர்த்திசையில், மேட்டைப் பார்த்து ஓடுகிறார்கள். எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தார்கள். கமிதானி என் ஏப்ரனைப் பிடித்து இழுத்தார். சமையலுக்குக் கட்டியிருந்த அது கிழிந்தே போனது.

"விடும்மா அடுப்பை! ஓடு!"

"இருங்கண்ணே! கேஸை மூடாம எப்படி வர்றது?"

"கடல் வந்தா அது தானா அணையும்! ஓடுங்கிறேன்ல!"

இழுத்துக்கொண்டே ஓடினார். என் வாழ்க்கையில் நான் அப்படி ஓடியதில்லை. படியா, பாறையா, எதில் கால் வைத்தேன் என்றே தெரியாது. பின்னால் வந்தவன் என்னைத் தள்ளினான், முன்னால் போனவள் என் கையைப் பிடித்துத் தூக்கினாள். கோயில் மேட்டுக்கு வந்து விழுந்தபோது நெஞ்சு காதுக்குள் இடித்தது. ஆனால் என்ன சொல்வது, உடம்பெல்லாம் ஓர் ஆவேசம். உயிரோடு இருக்கிறேன் என்று ஒவ்வோர் எலும்பும் கத்தியது.

கடைசியாகக் கன்ஜி வந்தான். எரிவாயு உருளையைப் பிள்ளையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு, முகமெல்லாம் செக்கச் சிவந்து, மூச்சிரைக்க ஏறி வந்தான்.

"எதுக்குடா இதைத் தூக்கிட்டு வந்தே?" என்றேன்.

"கழட்டிட்டேன்க்கா… எங்க வைக்கிறதுன்னு தெரியலை…"

ஊர் மீனவர் ஒருவர்தான் முதலில் சிரித்தார். பொத்துக்கொண்டு வந்த சிரிப்பு. அடுத்து அவர் மனைவி. அப்புறம் மேடு முழுக்கச் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"எங்க ஊர்ல கேஸை மூடாம ஓடுறவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க," என்றேன் நான்.

"இங்க கேஸை மூடிட்டு ஓடுறவன் மாப்பிள்ளையா வரவே மாட்டான். கடலுக்குள்ள போயிருப்பான்," என்றார் மீனவர்.

தொகுனாகா ஓரமாக நின்றார். அவர் கையில் நான் கொடுத்த சோபமேஷித் தட்டு அப்படியே இருந்தது. ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை. எப்படித்தான் ஓடி வந்தாரோ. அதைப் பார்த்ததும் இன்னொரு அலை சிரிப்பு எழுந்தது, இந்த முறை அவரும் சேர்ந்துகொண்டார்.

வானொலியில் சுனாமி அபாயம் இல்லை என்று சொன்னார்கள். கமிதானி எல்லாரையும் பெயர் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். பாதியில் நின்றார்.

"இட்சுகோ எங்க?"

சிரிப்பு அறுந்தது. ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்தார்கள். கூடவே ஓடி வந்தாள் என்றான் ஒருவன். இல்லை, திரும்பிப் போனாள் என்றாள் ஒருத்தி. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த வாசல் இன்னும் நிற்கிறதா என்று பார்க்கத்தான் போயிருப்பாள்.

"அவ வீடு எங்க? எந்தப் பக்கம்?" என்று கத்திக்கொண்டே இறங்கி ஓடினேன். கமிதானி என்னை முந்தினார். பின்னால் மொத்தக் கூட்டமும் வந்தது. ஓடுகையில் தரை இன்னொரு முறை சிலுப்பியது. எங்கேயோ ஓடுகள் சரிந்து விழும் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து ஒருத்தி கூப்பிடுவதை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை.

வீட்டின் முன்பக்கம் மட்டும் நின்றது. கதவில் அபாயம் என்று எழுதிய சிவப்புக் காகிதம். மேலே கூரை கடற்பக்கமாகச் சாய்ந்து முனகியது. அதற்கு நேர் கீழே இட்சுகோ வாசற்காலை இரண்டு கைகளாலும் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் எடைக்கு அந்த வீடு அசையுமா என்ன? ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள்.

கமிதானியும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தோம்.

"செத்துத் தொலையப் பார்க்கிறியா!" கமிதானி கத்தினார். "சிவப்புக் காகிதம் ஒட்டினது கண்ணுக்குத் தெரியலை? ஒரு வீட்டுல ஒரு சாவு போதாதா?"

"விழுந்திடுச்சுன்னா தேர் எங்கண்ணே நிக்கும்?"

"எந்தத் தேர்?"

"நம்ம தேர்தான்! வேற எந்தத் தேர்?" அவளுக்குள் எதுவோ உடைந்தது. "வெள்ளிக்கிழமை இதை அள்ளிட்டுப் போயிடுவாங்க. அதுக்குள்ள ஒரே ஒரு தடவை வந்து நின்னுட்டுப் போகட்டும்னு நினைச்சேன். அது தப்பா?"

"உனக்காகத்தானேம்மா நிறுத்தினோம்."

"யார் நிறுத்தச் சொன்னா? என்னைக் கேட்டீங்களா? கோயில்லயே ஐம்பதாம் நாளோட துக்கம் கழிஞ்சதுன்னு சொல்லிட்டாங்க. நீங்கதான் கழிய விடல. நான் வந்தா பேச்சை நிறுத்துறீங்க. நான் உக்காந்தா சிரிப்பை நிறுத்துறீங்க. இப்ப மேட்டுல எல்லாரும் சிரிச்சீங்களே, அது இங்க வரைக்கும் கேட்டுச்சு. எவ்வளவு நாள் கழிச்சுக் கேட்டேன் தெரியுமா? செத்தது அவருண்ணே. என்னையும் சேர்த்து எதுக்குப் புதைக்கிறீங்க?"

கமிதானி தொப்பியைக் கழற்றினார். ஓட்டுக் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்தார்.

"எனக்கும் ஆசைதாம்மா," என்றார். "கொட்டகையைத் திறந்து தினமும் பார்த்துட்டு வர்றேன். உன் மனசு நோகுமேன்னுதான் பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன்."

"நானும்தான்," என்றார் மீனவர்.

"நான் மேளத்தோலைக்கூட வெயில்ல காய வெச்சேன், சும்மா," என்றாள் அவர் மனைவி.

எனக்கு ஓங்கி ஆளுக்கொரு அறை விட வேண்டும்போலவும் இருந்தது, எல்லாரையும் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

"ஆனா தோளுக்கு ஆள் வேணுமே," என்றார் கமிதானி. எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. நோத்தோக்காரர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். உதவிக்கு வந்தவர்களிடம் இன்னொரு உதவி கேட்பதைவிடத் தேரைத் தனியாகத் தூக்கி முதுகை ஒடித்துக்கொள்வார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தொகுனாகா முன்னால் வந்து, சோபமேஷித் தட்டை என் கையில் திணித்துவிட்டு, நன்றாகக் குனிந்தார்.

"உங்ககிட்ட ஒரு தொந்தரவு குடுக்கணும். எங்க ஆளுங்களுக்குத் தேர் தூக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. கோபேயில எங்களுக்கு ஏது தேர்? ஒண்ணும் தெரியாத கழுதைங்க. சிரமம் பார்க்காம எங்களையும் சேர்த்துக்கிட்டா, உயிர் உள்ள வரைக்கும் நன்றியோட இருப்போம்."

அடப்பாவி மனிதா என்று நினைத்துக்கொண்டேன். நானாக இருந்தால் "நாங்க தூக்குறோம், கவலைப்படாதீங்க" என்று உளறியிருப்பேன், அவர்களும் "ஐயோ, வேண்டாம்" என்று பின்வாங்கியிருப்பார்கள். இவர் உதவியை வரமாகக் கேட்டுவிட்டார். கேட்டவனுக்கு இல்லை என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. சும்மாவா இவரைத் தலைவராக வைத்திருக்கிறோம்?

"ரொம்பக் கனம்," என்றார் கமிதானி. கண் கலங்கியிருந்தது.

"சோறு போட்டாச்சுல்ல. தூக்குவாங்க."

"பொம்பளைங்களும் தூக்கலாமா?" என்றேன்.

"ஆளில்லாத வருஷத்துல அதெல்லாம் யாரு பார்க்கிறா? உன் தோளைப் பார்த்தா ரெண்டு ஆளுக்குச் சமம்."

அதன் பிறகு குரோசே பற்றிக்கொண்டது. கொட்டகைக் கதவை உடைக்காத குறையாகத் திறந்தார்கள். கனசாவாவுக்கு, வாஜிமாவுக்கு, இன்னும் எங்கெங்கோ தொலைபேசி பறந்தது. "தேர் எடுக்கிறோம், இப்பவே கிளம்பு!" என்று கத்திய கத்தில் அந்தப் பக்கம் இருந்தவர்கள் காதைத் தேய்த்திருப்பார்கள். வெயில் சாயச் சாயக் கார்கள் வந்து நின்றன. வேலைக்குப் போன சட்டையோடு வந்தார்கள், செருப்பில்லாமல் வந்தார்கள். நாங்கள் கறுப்புச் சட்டையைக் கழற்றி வீசினோம். கீழே நான் போட்டிருந்தது தக்காளிச் சிவப்பு. தொகுனாகா ஒன்றும் சொல்லவில்லை.

தேரை வெளியே எடுத்ததும் எனக்கு மூச்சே நின்றுபோனது. மாடி வீட்டு உயரம். நாலு பக்கமும் தாள் ஒட்டிய ஒரே பெரிய விளக்கு. ஏற்றியதும் எல்லார் முகமும் பொன்னாயிற்று. தோள் கொடுத்தோம். தூக்கினோம். இரண்டு அடி போவதற்குள் அது என்னைப் பார்த்துச் சாய்ந்தது.

"கோபே! காலை மாத்தி வைக்காதே!"

"எந்தக் கால்?"

"எல்லாருக்கும் இருக்கிற கால்!"

மேளம் விழுந்தது. அந்த அடி பாதத்தின் வழியாக ஏறி வயிற்றில் வந்து அடித்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் தரை எங்களை ஆட்டிய அதே தெருவில் நாங்கள் தரையை மிதித்துக்கொண்டு போனோம். அந்த மிதியில் எனக்கு ஒரு வஞ்சம் தீர்ந்தது என்றே சொல்வேன்.

முதல் வீடு வரும் முன் கமிதானி தேரை நிறுத்தினார். ஒன்று பாக்கி இருந்தது. தேருக்கு முன்னால் ஒருவர் நடந்து, ஒவ்வொரு வாசலிலும் வீட்டுப் பெயரைச் சொல்லி "இருக்கீங்களா?" என்று கூவ வேண்டும். வீட்டுக்காரர் "இருக்கோம்!" என்று பதில் சொன்ன பிறகுதான் தேரைச் சுழற்றி ஆட வைப்பார்கள். இத்தனை வருஷமும் கூவியவர் யசுஹாரு. யார் கூவுவது என்று யாரும் கேட்கவில்லை.

"நான் கூவுறேன்," என்றாள் இட்சுகோ. "ஒவ்வொரு வருஷமும் திருவிழாவுக்கு முன்னாடி குளியல் தொட்டியில உக்காந்துகிட்டுக் கத்துவாரு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. வரிசை எனக்கு மனப்பாடம்."

கைவிளக்கை வாங்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"கிணத்து வீடு! இருக்கீங்களா?"

கிணற்று வீடு இருந்த இடத்தில் சரளைக்கல் பரப்பியிருந்தது. அந்த வெற்று மனையின் நடுவில் மீனவரும் மனைவியும் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார்கள்.

"இருக்கோம்!"

தேரைச் சுழற்றினோம். என் தோள் பிய்ந்துவிடும்போல இருந்தது, ஆனால் வாய் தானாகக் கத்தியது. எண்ணெய்க்கார வீடு இருக்கோம் என்றது. மேட்டு வீடு இருக்கோம் என்றது. பாதி வீடுகளுக்குச் சுவரே இல்லை. வாசல் இருந்ததாக நினைத்த இடத்தில் ஆட்கள் நின்றுகொண்டு, தொண்டை கிழியப் பதில் சொன்னார்கள். கனசாவாவிலிருந்து வந்த ஒருவர் தன் மனையைத் தேடி ஓடிப்போய் நின்று, மூச்சு வாங்காமல் மூன்று தடவை சொன்னார்.

பிறகு அவள் வீடு வந்தது. சாய்ந்த கூரையின் கீழே அந்த வாசல் நின்றது. தேரின் வெளிச்சம் பட்டுச் சிவப்புக் காகிதம் மினுங்கியது. தூரத்திலேயே நிறுத்தினோம், கூரைக்குக் கீழே போக வேண்டாம் என்று. வந்துவிட்டது. அவள் கேட்டது வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாளவில்லை.

இட்சுகோ மற்ற வீடுகளுக்குக் கூவிய அதே வேகத்தில், அதே குரலில், யோசிக்காமல் கூவிவிட்டாள்.

"வலைக்கார வீடு! இருக்கீங்களா?"

கூவிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எங்களுக்கும்தான். பதில் சொல்ல வேண்டியவர் இல்லை. மிச்சம் இருந்த ஒரே ஆள் கேள்வி கேட்டுவிட்டு விளக்கோடு வெளியே நிற்கிறாள். அந்த வாசலுக்குள்ளிருந்து பின்பக்கத்து வானம்தான் தெரிந்தது. மேளக்காரர் கோலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டார். வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும், வெளியூர்க்காரிக்கு அதில் என்ன உரிமை என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் வாயைத் திறக்கத் தயங்கினேன்.

"இருக்கோம்!"

தேருக்கு அடியிலிருந்து வந்தது அது. யார் முதலில் சொன்னார் என்று இன்றுவரை ஆளுக்கொரு பேச்சாக இருக்கிறது. அடுத்த நொடி கமிதானி சொன்னார், நான் சொன்னேன், கன்ஜி சொன்னான், மனைகளில் நின்றுவிட்டுப் பின்னாலேயே வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

"இருக்கோம்! இருக்கோம்!"

இட்சுகோ திரும்பினாள். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. வாயைப் பிளந்துகொண்டு எங்களைப் பார்த்தாள், தேர்க்கம்புக்கு அடியில் பிதுங்கிக்கொண்டிருந்த அத்தனை முகங்களையும் பார்த்தாள். அப்புறம் இடுப்பில் கை வைத்தாள்.

"இத்தனை பேரா இருக்கீங்க என் வீட்டுல? திருவிழாச் சாப்பாட்டுக்கு நான் எங்க போவேன்?"

தெருவே சிரித்தது. அவளும் சிரித்தாள், சத்தமாக. அவள் சிரிப்பதைப் பார்த்து ஒருவரும் குரலைத் தாழ்த்தவில்லை.

மேளம் விழுந்தது. தேரைத் தூக்கி அவள் வாசல் முன்னால் சுற்றினோம். வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாகவே சுற்றினோம், கமிதானி போதும் என்று சொல்லவில்லை.